குப்பி படுக்க ஓர் இடம்

வீட்டில் ஒயின் குப்பிகளுக்கு ஒரு மர ரேக் வைக்க இடம் தேடினேன். படிக்கட்டுக்கு அடியில் இன்வெர்ட்டர் இருந்தது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

நான் 16 வருடம் பயணிகள் கப்பலில் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்தவன். எச்சில் தட்டு எடுப்பதில் ஆரம்பித்து, கடைசி ஐந்தாறு வருடம் ஒயின் பரிமாறும் பொறுப்பில் இருந்தேன். குமரி மாவட்டத்தில் இதெல்லாம் பெரிய கதை இல்லை. கடலோரத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் கப்பலுக்குப் போய்வந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். லீவில் வரும்போதெல்லாம் ரெண்டு குப்பி கொண்டுவருவேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் தீர்வை கட்டாமல் 2 லிட்டர் வரை மது கொண்டுவரலாம் என்பது சுங்கக் கணக்கு. ஒயின் குப்பியோ 750 மில்லி. ரெண்டு என்றால் ஒன்றரை லிட்டர், மூன்று என்றால் இரண்டேகால். அந்தக் கால் லிட்டருக்காக திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நின்று வழக்குப் பேச எனக்குத் தெம்பு இல்லை. ஆகவே எப்போதும் ரெண்டுதான்.

அப்படிச் சேர்ந்தது, நண்பர்கள் தந்தது, குடித்ததுபோக மிச்சம் என்று வேலையை விட்டு வந்தபோது 14 குப்பிகள் இருந்தன. எல்லாம் படுக்கையறை அலமாரியில், மனைவியின் பட்டுச் சேலைகளுக்குக் கீழே, அந்துருண்டைகளுக்கு நடுவே, நட்டக்குத்தலாக நின்றன. கப்பலில் அடுத்தவர் வீட்டு ஒயினை இளங்குழந்தையைப்போல் தாங்கிய எனக்குச் சொந்த ஒயினைப் பற்றி ஒரு கவலையும் இருக்கவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு அதில் ஒன்றைத் திறந்தேன். நின்றே இருந்ததில் கார்க் காய்ந்து, பாதியில் உடைந்து உள்ளே விழுந்தது. வடிகட்டிக் குடித்துப் பார்த்தால் பழவாசனை போய், வேகவைத்த உலர்திராட்சைபோல் ஒரு ருசி. அந்துருண்டை வாடையும் இருந்ததா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்கா இத்தன வருசம் என் சேலைய ஒதுக்கி வச்சேன்?" என்றாள்.

சரி, ஒரு மர ரேக் வாங்கிவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதல் ரேக்கை இணையத்தில்தான் வாங்கினேன். 12 குப்பி கொள்ளும், படத்தில் அழகாக இருந்தது, ரப்பர் மரம் என்று போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்த அன்றே ஒரு குறை தெரிந்தது. ஒவ்வொரு துளையும் 8 சென்டிமீட்டர். போர்தோ வகைக் குப்பி, அதாவது தோள் நிமிர்ந்து நேராக இருக்குமே அது, அடியில் ஏழரை சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும், சொகுசாகப் படுத்தது. பர்கண்டி வகைக் குப்பிக்குத் தோள் சரிந்து இடுப்பு பெருத்திருக்கும். அது பாதிவரை போய் நின்றுவிட்டது. ஷாம்பெயின் குப்பி கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர், வாசலிலேயே நின்றது. ரேக் வாங்கப் போகிறவர்கள் எத்தனை குப்பி கொள்ளும் என்று கேட்கிறார்களே தவிர, எந்தக் குப்பி கொள்ளும் என்று கேட்பதில்லை. 16 வருடம் ஒயினோடு கிடந்த நானே கேட்கவில்லை.

இன்னொரு குறை தெரிய ஒரு மழைக்காலம் ஆனது. நமக்குத்தான் ரெண்டு மழை உண்டே, ஆனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. ஐப்பசி மழை முடிந்து ஒருநாள் தூசி தட்டும்போது, குப்பிகளின் கழுத்தில் கோதுமை மாவு தூவியதுபோல் வெள்ளையாகப் படிந்திருந்தது. துடைத்தேன். மறுவாரம் திரும்பவும் மாவு. டார்ச் அடித்துப் பார்த்தால் மரத்தில் குண்டூசி குத்தியதுபோல் வரிசையாகத் துளைகள். மரம் துளைக்கிற உளு பிடித்துவிட்டது.

ரப்பர் மரத்தை நான் குறை சொல்லவில்லை. குலசேகரம் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டியவரை அதுதான். ஒரு மரத்தில் இருபத்தைந்து, முப்பது வருடம் பால் எடுத்தபிறகு வெட்டுகிறார்கள். ஒரு காலத்தில் விறகுக்கு மட்டும் போன மரம், இப்போது நாற்காலி, கட்டில் என்று எல்லாமாகவும் வருகிறது. வெளிர்நிறம், இழைக்கச் சுகம், விலையும் குறைவு. ஆனால் அதன் உடம்பில் மாவுச்சத்து அதிகம். வண்டுக்கும் பூஞ்சைக்கும் அது சோறு. அதனால் அறுத்த கையோடு போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை மரத்துக்குள் ஏற்றி, சூளையில் வைத்து உலர்த்தவேண்டும். அதை ஒழுங்காகச் செய்த ரப்பர் மரம் பல வருடம் உழைக்கும். என் வீட்டுக்கு வந்தது அந்த வைத்தியத்தை ஒழுங்காகப் பார்க்காத மரம். வாங்குகிறவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பாலிஷ் பூசாத அடிப்பகுதியைத் திருப்பிப் பார்க்கலாம், துளை தெரிகிறதா என்று. மரத்துக்கு மருந்து ஏற்றியிருக்கிறதா என்று கேட்கலாம். படத்தைப் பார்த்து வாங்கினால் ரெண்டும் நடக்காது.

அந்த ரேக்கைக் கொல்லைப்புறத்தில் போட்டுக் கொளுத்திவிட்டு, இந்த முறை இடத்திலிருந்து தொடங்கினேன்.

ஒயினுக்குப் பிடித்த சூடு 12, 13 டிகிரி. அதைவிட முக்கியம், அது மாறாமல் இருப்பது. வெளிச்சம் ஆகாது, அதிர்வு ஆகாது. ஐரோப்பாவில் இதற்காகத்தான் நிலவறையில் வைக்கிறார்கள். நாகர்கோவிலில் எங்கே போவது நிலவறைக்கு? ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வாங்கி, சித்திரை மாதம் முழுக்க வீட்டில் நாலு இடத்தில் மாற்றி மாற்றி வைத்து, காலையும் மாலையும் ஒரு நோட்டில் எழுதினேன். மனைவி பார்த்துவிட்டு, "காய்ச்சல் யாருக்கு?" என்று கேட்டாள்.

ஹாலின் மேற்குச் சுவர் மாலை ஐந்து மணிக்கு 34. சுவரில் மாட்டும் ரேக்குகளைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டிருந்தேன்; அந்த ஆசை அன்றோடு போயிற்று. பின்பக்கச் சாய்ப்பு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதை எழுதவே வேண்டாம். படிக்கட்டுக்கு அடி இருட்டு, ஒதுக்கமான மூலை. எங்கே படித்தாலும் ஒயின் ரேக்குக்கு உகந்த இடம் படிக்கட்டுக்கு அடி என்றுதான் இருக்கும். ஆனால் நம் வீடுகளில் படிக்கட்டுக்கு அடியில் இருப்பது இன்வெர்ட்டரும் பேட்டரியும். கரண்ட் போய் வந்தால் பேட்டரி சார்ஜ் ஏறும்போது கைவைத்தாலே வெதுவெதுப்பு தெரியும். அங்கே 32. கடைசியில் தேறியது சாப்பாட்டு அறையின் உள்சுவர். வெயில் படாத சுவர், அடுத்த பக்கம் ஸ்டோர் ரூம். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் 28, 29. காலைக்கும் மாலைக்கும் ஒரு டிகிரிக்குமேல் வித்தியாசம் இல்லை. ஒரே அறையில் தலை உயரத்தில் வைத்தால் ஒன்றரை டிகிரி கூடுகிறது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். ஆகவே ரேக் உயரமாக வேண்டாம், குட்டையாக அகலமாக இருக்கட்டும்.

28 டிகிரி என்பது ஒயினுக்கு நல்ல இடம் அல்ல, உள்ளதில் நல்ல இடம். இதை ஒளிக்காமல் சொல்லிவிடவேண்டும். நம்மூரில் மர ரேக்கில் வைத்து ஒயினுக்கு வயதேற்ற முடியாது. பத்து வருடம் வைத்துக் குடிக்கிற குப்பி கையில் இருந்தால் அதற்கென்றே விற்கிற ஒயின் குளிர்பெட்டி வாங்குங்கள், அல்லது இப்போதே திறந்து குடித்துவிடுங்கள். உலகத்தில் விற்கிற ஒயினில் பெரும்பகுதி ஓரிரு வருடத்தில் குடிப்பதற்காகவே செய்யப்படுவது. மர ரேக் அந்த வகைக்குத்தான். இங்கே அதிலும் ஒரு வருடத்துக்குமேல் நான் வைக்கமாட்டேன். அப்படியானால் கணக்கு எளிது. வருடத்துக்கு நம் வீட்டில் எத்தனை குப்பி திறக்கிறோமோ, அத்தனைக்கு ரேக் போதும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாண நாள், வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் என்று எண்ணிப் பார்த்தால் எங்களுக்குப் பதினைந்து தாண்டாது. 60 குப்பி ரேக் என்பது குடிப்பதற்கு அல்ல, மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பதற்கு.

இடம் பற்றி மனைவிக்கும் ஒரு கட்சி இருந்தது. "ஹால்ல மாதா படத்துக்குக் கீழ வைக்கப் போறீங்களா? சாமியார் வீடு மந்திரிக்க வாற நேரம் என்ன சொல்லுவீங்க?" பூசையில் பாதிரியார் கையில் ஏந்துவதும் திராட்சை ரசம்தானே என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டதும் ஒயின் கேட்பதும் ஒன்றுதான்: ஜன்னலுக்கு எதிரே வேண்டாம், விளக்குக்குக் கீழே வேண்டாம், ஆள் போகவர இருக்கிற இடம் வேண்டாம். ஊருக்குப் பயந்து ஒளித்து வைத்த குப்பி நன்றாகவே இருக்கும். என் அம்மாச்சி கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்னால் பன்னீர் திராட்சையும் சீனியும் கிராம்பும் போட்டு, பரணிச் சாடியின் வாயைத் துணியால் கட்டி, நெல் அறையின் மூலையில் வைப்பாள். வீட்டிலேயே குளிர்ந்த, இருண்ட இடம் அது. அவள் தெர்மாமீட்டரைக் கண்டவள் இல்லை.

அப்புறம் தக்கலைக்குப் போனேன், ஒரு மூத்தாசாரியைப் பார்க்க. என் அப்பா காலத்திலிருந்து பழக்கம். பத்மநாபபுரம் அரண்மனை அங்கிருந்து நடந்துபோகிற தூரம். 1601 வாக்கில் தொடங்கி, பின்னால் மார்த்தாண்ட வர்மா காலத்தில் எடுத்துக் கட்டிய மர அரண்மனை. அதில் தாய்க்கொட்டாரம் என்கிற பகுதியில் ஒற்றைப் பலா மரத்தில் கடைந்த தூண் ஒன்று நிற்கிறது. அந்த ஊர் ஆசாரியிடம் போய் ஒயின் ரேக் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஒரு தாளில் படம் வரைந்து கொண்டுபோயிருந்தேன். அவர் தாளை வாங்கவே இல்லை.

"எத்தன குப்பி வைக்கணும் மக்கா?"

"இருபது."

"குடிக்கதுக்கா, பாக்கதுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

"அப்பம் பத்து போதும்" என்று சிரித்தார். இருபதுக்கே ஒத்துக்கொள்ள வைத்தேன். வீட்டில் இருக்கிற குப்பியில் ஒவ்வொரு சாதிக்கும் ஒன்று, அதுவும் நிறைந்த குப்பியாகக் கொண்டுவரச் சொன்னார். காலிக் குப்பி போதாதா என்றால், "பாரம் தெரியண்டாமா" என்றார். நிறைந்த குப்பி ஒன்று 1.2, 1.3 கிலோ இருக்கும். ஷாம்பெயின் என்றால் உள்ளே காற்றழுத்தம் தாங்கக் கண்ணாடியைத் தடிமனாக வார்ப்பார்கள், 1.6 கிலோ வரை வரும். இருபதும் சேர்ந்தால் 24 கிலோவுக்குக் குறையாது. ஐந்தாறு வயதுப் பிள்ளை ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரியும் அதற்கு மேலும்.

மரத்தைப் பற்றி ஒருநாள் முழுக்கப் பேசினோம். எனக்குப் பலா மேல் ஆசை. புதிதாக அறுக்கும்போது மஞ்சள், வருடம் போகப்போகப் பழுத்துச் செம்பழுப்பு ஆகும். நல்ல மரம்தான், ஆனால் அவரிடம் அப்போது இருந்தது ஈரம் வற்றாத பலா. ஈரமரத்தில் பொருத்திய பொருத்து ஆறு மாதத்தில் வாய் திறக்கும் என்றார். தேக்கு இந்த வேலைக்கு வீண்செலவு. ஈட்டி மரத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. வைரம் பாய்ந்த பனை கறுகறுவென்று இருக்குமே என்று கேட்டேன். உத்தரத்துக்கு அதைவிட மரம் கிடையாது, ஆனால் குப்பி எடுக்கக் கையை விடும்போதெல்லாம் சிலாம்பு ஏறும் என்றார். கடைசியில் அவரே சொன்னது அயினி. மேற்கே ஆஞ்சிலி என்பார்கள். பலாவுக்குப் பங்காளி, வள்ளம் கட்டுகிற மரம். தண்ணீரிலேயே கிடந்து பழகியதால் ஈரக்காற்று அதற்கு ஒன்றுமில்லை, சிதலும், கரையான் என்பார்களே அது, எளிதில் கிட்ட வராது. அமெரிக்காவில் ஒயின் ரேக்குக்கு ரெட்வுட் மரத்தை விரும்புவதும் இதே காரணத்துக்காகத்தான், நிலவறை ஈரத்தில் அது மட்கிப்போகாது. நமக்கு அந்த இடத்தில் அயினி.

இங்கே நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். எங்கள் பக்கத்துக் கடற்கரையில் ஒரு பழைய வள்ளம் பிரித்துப் போட்டிருந்தார்கள். அயினிப் பலகை, சும்மா கிடக்கிறது. ரெண்டு பலகையைச் சுமந்துகொண்டு போனேன். மூத்தாசாரி மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோய் ஒருதரம் இழுத்தார். "இதுல குப்பிய வச்சா, குப்பி தொறக்கும்போ மீன்கறி கேக்கும்." வள்ளத்துக்கு வருடக்கணக்காக மீன் எண்ணெய் பூசியிருக்கிறார்கள். மரத்தின் வயிறுவரை ஊறியிருந்தது. வாடையுள்ள மரத்தின் பக்கத்தில் கார்க் போட்ட குப்பியை மாதக்கணக்கில் வைக்கக்கூடாது என்பது கப்பலில் எனக்கு முதல் வாரம் சொல்லிக்கொடுத்த பாடம். அதை மீன்கறி கணக்கில் ஒருவர் திருப்பிச் சொன்னபோது முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மார்த்தாண்டம் போகும் வழியில் பழைய வீடு இடித்த மரம் விற்கிற கடை ஒன்றில் அவரே போய் அயினிக் கதவு ஒன்றை எடுத்து வந்தார். யார் வீட்டுக் கதவோ. எத்தனை வெயில், எத்தனை மழை பார்த்ததோ, இனிமேல் சுருங்கவோ வீங்கவோ அதில் ஒன்றும் பாக்கி இல்லை. ஒரு பலகையில் தாழ்ப்பாள் போட்ட ஓட்டை இருந்தது. அதை அறுத்து வீசாமல் பின்பக்க அடிச்சட்டமாக வைத்துவிட்டார். குனிந்து பார்த்தால் தெரியும்.

வடிவத்தில் எனக்கும் அவருக்கும் சண்டை. குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறிபோல் பலகை வைத்து, ஒவ்வொரு முக்கோணத்திலும் நாலைந்து குப்பியை அடுக்குகிற ரேக்தான் பார்க்க அழகு. ஒரே ஒயினைப் பெட்டி பெட்டியாக வாங்குகிறவர்களுக்கு அது சரி. வேறு வேறு குப்பிகளை அப்படி அடுக்கினால், வேண்டிய குப்பி எப்போதும் அடியில்தான் இருக்கும். அதை உருவும்போது மேலே உள்ளதெல்லாம் உருளும், பழைய சிவப்பு ஒயினில் அடியில் படிந்த மண்டி கலங்கும். குப்பிக்கு ஒரு இடம் என்பதுதான் என் கட்சி. அவருக்கோ அத்தனை வெட்டு வெட்டுவது வீண்பாடு. கடைசியில் நான் ஜெயித்தேன். ஆனால் எப்படி வெட்டுவது என்பதில் அவர் ஜெயித்தார். கடை ரேக்குகளில் முன்சட்டம் கழுத்தையும் பின்சட்டம் உடம்பையும் தாங்கும். ஒவ்வொரு சாதிக் குப்பிக்கும் கழுத்தும் தோளும் வேறு, அதனால் சில குப்பி தலை தூக்கும், சில தலை கவிழும். இவர் ரெண்டு சட்டத்தையும் நெருக்கி, ரெண்டும் குப்பியின் உடம்பையே தாங்கும்படி அரைவட்டமாக வெட்டினார். கழுத்து சும்மா வெளியே நீண்டு நிற்கும். எந்தக் குப்பி வைத்தாலும் ரசமட்டம் வைத்ததுபோல் படுக்கிறது. அடிவரிசையில் மட்டும் வெட்டு பெரிது, ஷாம்பெயினுக்கு. பாரமானது கீழே இருக்கவேண்டும், சூடு ஆகாததும் கீழே இருக்கவேண்டும், ரெண்டும் ஒரே குப்பி.

இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது. கடல்காற்று நாகர்கோவில்வரை வரும், இரும்பு துருப்பிடித்து மரத்தில் கறுப்பாக வடியும். எல்லாம் மரத்துக்குள் மரம் செருகுகிற கழுந்தும் துளையும், நாலு மூலையில் மட்டும் பித்தளைத் திருகாணி. மருந்து எதுவும் பூசவேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்லியிருந்தேன். குளோரின் சேர்ந்த மர மருந்தில் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்தால் ஈரச்சாக்குபோல் ஒரு நாற்றம் வரும், அது ஒயினிலும் ஏறிவிடும். பிரான்ஸில் சில பேர்பெற்ற நிலவறைகளிலேயே இதனால் உத்தரங்களை மாற்றவேண்டி வந்தது. வெளிப்பக்கம் மட்டும் அரக்குப் பாலிஷ், குப்பி தொடுகிற இடமெல்லாம் வெறும் மரம். பாலிஷ் வாடை போக மூன்று வாரம் காலியாகவே வைத்திருந்தோம். மரத்துக்கு ஆனதைவிடக் கூலி மூன்று பங்கு. இணையத்தில் வாங்கியதைவிட அதிகம்தான், மறைக்கவில்லை.

படுக்கவைப்பது கார்க் காயாமல் இருக்க. திருகுமூடி போட்ட ஒயினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, நின்றாலும் ஒன்றுதான். இதை வீட்டுக்கு வந்துபோகிறவர்களுக்கும் சொல்லிவைத்திருக்க வேண்டும். மச்சான் ஒருநாள் தான் கொண்டுவந்த கார்க் மூடி விஸ்கியைக் காலி இடத்தில் அழகாகப் படுக்கவைத்துவிட்டுப் போனார். விஸ்கியின் காரம் கார்க்கை அரித்துவிடும், அது எப்போதும் நிற்கவேண்டிய சாதி. பத்து நாளில் கசிந்து, அரக்குப் பாலிஷில் வெள்ளையாக ஒரு வரைபடம் விழுந்தது. அரக்கைக் கரைக்கச் சாராயம்தான் பயன்படுத்துவார்கள் என்று மூத்தாசாரி பிறகு சொன்னார்.

இப்போது இருபது இடத்தில் ஒன்பதில்தான் ஒயின் இருக்கிறது. காலி இடம் மனைவியின் கண்ணை உறுத்தியிருக்கவேண்டும். முதலில் சுருட்டிய காலண்டர் ஒன்று வந்தது, பிறகு நன்னாரி சர்பத், பிறகு மார்த்தாண்டம் தேன் ரெண்டு குப்பி. "எல்லாம் குப்பிதானே" என்றாள். தேன்குப்பியின் மூடி சரியாக முறுகவில்லை. மறுநாள் காலை அயினிக் கால்கள் நாலிலும் எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. மூத்தாசாரிக்குப் போன் போட்டேன். சிதல் அண்டாத மரம் என்றீர்களே, எறும்புக்கு என்ன செய்ய என்று கேட்டேன். நாலு காலுக்கும் அடியில் கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றியிருக்கிறேன். கொசு வராமல் ரெண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுவது என் வேலை.